வாவிக்கரை இலக்கியங்களும் கணினித் தேடலும்: கருவித் தேர்வு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வழங்கிவந்த வாய்மொழி, ஏட்டு இலக்கியங்கள் பல அச்சேறியுள்ளன. தி. சதாசிவ ஐயர் 1940 இல் வெளியிட்ட வசந்தன் கவித்திரட்டு, சு. வித்தியானந்தன் 1962 இல் பதிப்பித்த அலங்காரரூபன் நாடகம், வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரை ஆகியன அவற்றுட் சில. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களின் பக்கப் படிமங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்துள்ளது. ஆயின், நூலைப் படிக்க முடிவது வேறு. நூலினுள் தேட முடிவது வேறு. இத்தகைய இலக்கியங்களை எக்ஸ்எம்எல் ஆவணங்களாக்கி இணையத்தில் தேடத் தருவதாயின், எத்தகைய தரவுத்தளக் கருவி பொருந்தும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

எக்ஸ்எம்எல் 1998 இல் இணையத்துக்கான நியமமாக வகுக்கப்பட்டது. பாடத்தின் உறுப்புகளைப் பெயரிட்டுக் குறிக்கும் முறை அது. கூத்துப் பிரதியொன்றில் இது தரு, இது விருத்தம், இது வசனம், இதைப் பாடும் பாத்திரம் இன்னது எனக் குறிக்கலாம். ஓர் உறுப்பினுள் மற்றோர் உறுப்பு அடங்குவதால் ஆவணம் மரம்போற் கிளைக்கின்றது. இக்கிளையமைப்பைக் கருவி எவ்வாறு கையாள்கின்றது என்பதே தேர்வின் முதல் அளவுகோல்.

கருவிகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற அட்டவணைத் தரவுத்தளம். நூற்பெயர், பதிப்பாசிரியர், ஆண்டு என்னும் ஒழுங்கான விவரங்களுக்கு இது நன்று. ஆழமாகக் கிளைத்த பாடத்தை அட்டவணைக்குள் அடக்குவது கடினம். இரண்டாவது, பேஸ்எக்ஸ், எக்ஸிஸ்ட் போன்ற, எக்ஸ்எம்எல்லுக்கென்றே அமைந்த தரவுத்தளம். இவற்றில் எக்ஸ்குவெரி என்னும் வினாமொழியால், "பெண் பாத்திரங்கள் பாடும் தருக்களில் மட்டும் இச்சொல் எங்கு வருகின்றது?" என வினவலாம். மூன்றாவது, சோலர் போன்ற தேடுபொறி. பெருந்தொகையான ஆவணங்களில் விரைந்து தேடுவதும் பொருத்தமானவற்றை முன்னிறுத்துவதும் இதன் வலிமை. உறுப்புகளுக்கிடையிலான உறவை நுணுகி வினவுதல் இதற்கு எளிதன்று. சில நூறு பிரதிகளை ஆராயும் பல்கலைக்கழகத் துறைக்கு இரண்டாவது வகை போதும். பேஸ்எக்ஸ் சாதாரண மடிக்கணினியிலும் இயங்கும். தொகுப்பு பெருகும்போது தேடுபொறியை உடன் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, தமிழுக்கேயுரிய இடர்களை நோக்குவோம். யூனிகோட்டில் "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீர்படுத்தாத கணினிக்கு இரண்டும் வேறு. அவ்வாறாயின் "கொம்புமுறி" எனத் தேடுபவருக்குப் பாதி விடைகள் கிட்டாமற் போகலாம். அடுத்து, ஏடுகளில் மெய்ப்புள்ளியும் எகர ஏகார வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. ஏட்டு வடிவத்தையும் பதிப்பாசிரியர் கொண்ட வடிவத்தையும் அருகருகே குறிக்க எக்ஸ்எம்எல் இடந்தருகின்றது. இரண்டிலும் தேடக் கருவியும் இடந்தர வேண்டும். புணர்ச்சி மற்றோர் இடர். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளை நீக்கித் தேடும் வசதி உண்டெனினும், புணர்ந்த சொற்களைப் பிரிக்க அது போதாது.

இவை அனைத்தினும் முக்கியமானது மக்கள் வழக்கு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் நிகழும் சடங்கு அச்சில் "குளிர்த்தி". பேச்சிற் பலருக்கு அது "குளுத்தி". அச்சு வடிவத்தை மட்டும் அறிந்த கருவி, அப்பாடலைத் தலைமுறைகளாகக் காத்த கிராமத்தவரையே வெறுங்கையுடன் திருப்பி அனுப்பும். எனவே வழக்கு வடிவங்களைத் தொகுத்து, ஒத்த சொற்பட்டியலாகக் கருவிக்கு ஊட்டுதல் வேண்டும். அண்ணாவிமாரும் கட்டாடிமாரும் துணைநின்றாலன்றி இப்பணி நிறைவுறாது. யாருடைய சொல்லுக்கு விடை கிடைக்கின்றது என்பது தொழினுட்ப வினா மட்டுமன்று, சமூக வினாவுமாகும்.

இறுதியாக, கருவிகள் மூப்படைவன. பல நூலகங்கள் நம்பியிருந்த துருப்பல் 7 என்னும் மென்பொருளுக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிவுற்றது. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட இப்பிரதேசத்துக்கு, ஒரே இடத்தில் ஒரே படியை வைத்திருப்பதன் ஆபத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலால் கட்டற்ற மென்பொருளையே தேர்தலும், எக்ஸ்எம்எல் கோப்புகளைத் தரவுத்தளத்துக்கு வெளியே பல இடங்களிற் படியெடுத்துப் பேணுதலும் இன்றியமையாதன. கருவி மாறலாம், பாடம் நிலைக்க வேண்டும்.