ஒரே மென்பொருள், ஆறு தளங்கள்: வியாபாரிக்கு என்ன இலாபம்?

கடைக் கவுண்டரில் விண்டோஸ் கணினி, விற்பனைப் பிரதிநிதியின் கையில் அன்ட்ரொயிட் தொலைபேசி, முதலாளியிடம் ஐபோன். மூன்றிலும் ஒரே இருப்புக் கணக்கைப் பார்க்க விரும்பும் வியாபாரி, முன்னர் மூன்று மென்பொருள்களுக்குப் பணம் செலுத்த நேர்ந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கணினி மொழியில் எழுத வேண்டியிருந்ததே காரணம்.

இச்செலவைக் குறைப்பதற்காக வந்தவையே பல தளங்களுக்கும் பொதுவான மென்பொருள் உருவாக்கக் கருவிகள். அவற்றுள் கூகுள் நிறுவனத்தின் 'ப்ளட்டர்' முக்கியமானது. 2018 டிசம்பரில் வெளியான இதன் முதலாவது பதிப்பு அன்ட்ரொயிட், ஐபோன் ஆகிய இரண்டுக்கும் உரியதாக இருந்தது. 2021 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்பு இணையத்தையும், 2022 பெப்ரவரியில் வந்த இடைப்பதிப்பு விண்டோஸையும் சேர்த்துக்கொண்டன. 2022 மே மாதம் வெளியான மூன்றாம் பதிப்பில் மெக், லினக்ஸ் கணினிகளும் இணைந்ததால் தளங்கள் ஆறாயின. மடித்துப் பாவிக்கும் தொலைபேசிகளின் திரைக்கு ஏற்ற வசதிகளும் அப்பதிப்பில் சேர்ந்தன. 'டார்ட்' என்ற மொழியில் எழுதும் ஒரே நிரலை ஆறுக்கும் பயன்படுத்தலாம். கருவி இலவசம்.

எனினும், ஒருமுறை எழுதினால் எல்லாம் முடிந்துவிடும் என எண்ணிவிடக் கூடாது. பார்கோட் வாசிக்கும் கருவி, பில் அச்சிடும் இயந்திரம் போன்றவற்றை இணைப்பதற்குத் தளத்துக்குத் தளம் தனி வேலை தேவைப்படலாம். ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். ஐபோனுக்கான செயலியைத் தயாரிக்க மெக் கணினி வேண்டும். அதனை வெளியிட அப்பிள் நிறுவனத்துக்கு வருடந்தோறும் 99 டொலர் செலுத்த வேண்டும். கூகுள் பிளேயில் ஒருமுறை செலுத்தும் 25 டொலர் போதுமானது.

இதைவிடப் பெரிய விடயம், கருவியின் ஆயுள். 'ஸமாரின்' என்பதும் இதுபோன்ற ஒரு கருவியே. 2016இல் மைக்ரோசொப்ட் அதனை வாங்கியது. 2024 மே 1ஆம் திகதியுடன் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதில் செயலி செய்திருந்தோர் வேறு கருவிக்கு மாற வேண்டிய நிலை ஏற்பட்டது. பெரிய நிறுவனத்தின் பெயர் மட்டும் உத்தரவாதம் ஆகாது.

எனவே, செயலி செய்து தருவோருடன் உடன்படிக்கை எழுதும்போது மூன்று விடயங்களை வியாபாரிகள் கேட்டுப்பெற வேண்டும். முதலாவது, மூல நிரல் முழுவதும் உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இரண்டாவது, அப்பிள், கூகுள் கணக்குகள் உங்கள் வியாபாரப் பெயரிலேயே திறக்கப்பட வேண்டும். மூன்றாவது, கருவியின் புதிய பதிப்பு வரும்போது செயலியை யார், என்ன கட்டணத்துக்கு மாற்றித் தருவார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கடையைக் கட்டித் தருபவர் மேசன் பாஸாக இருக்கலாம். சாவி முதலாளியின் கையில்தான் இருக்க வேண்டும்.