பிழையோடு மல்லுக்கட்டும் குவாண்டம் கணினி

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட், 0, 1 ஆகிய இரு நிலைகளையும் ஒருங்கே தாங்க வல்லது. ஆனால் மகா தொட்டாற்சுருங்கி. சிறு வெப்பமோ மின்காந்த இரைச்சலோ பட்டாலே தகவல் கெட்டுவிடும்.

சாதாரணக் கணினியில் தகவலைப் படியெடுத்து ஒப்பிட்டுப் பிழையைப் பிடிக்கலாம். குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயற்பியல் விதியே இடம் தராது. அளந்து பார்த்தாலோ நிலை கலைந்துவிடும். 1995இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் ஒரு வழி சொன்னார்: ஒரு கியூபிட்டின் தகவலை ஒன்பது கியூபிட்டுகளில் பரப்பி வைப்பது. ஒவ்வொன்றின் மதிப்பையும் கேட்காமல், அவை தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் சோதித்தால் போதும். தகவல் கலையாமலே பிழை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

கியூபிட்டுகள் கூடினால் பிழைகளும் கூடுமே என்ற சிக்கல் நெடுநாள் நீடித்தது. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த 105 கியூபிட் ‘வில்லோ’ சில்லில், தகவலைத் தாங்கும் கட்டம் 3×3, 5×5, 7×7 என்று பெரிதாகப் பெரிதாக, பிழை ஒவ்வொரு படியிலும் பாதிக்கும் கீழே இறங்கியது. செய்தித்தாள்கள் கொண்டாடியதென்னவோ நடைமுறைப் பயனில்லாத ஒரு சோதனைக் கணக்கின் வேகத்தைத்தான்.

ஆனால் போக வேண்டிய தூரம் இன்னும் அதிகம்: இணையப் பாதுகாப்புக்குப் பயன்படும் 2048 பிட் ஆர்எஸ்ஏ பூட்டை உடைக்க, 2025இல் வெளியான மதிப்பீட்டின்படி, பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கியூபிட்டுகள் தேவை.