இடமகல் கருப்பை அகப்படலத் திசுக்களில் நரம்புசார் புரதங்கள்: வலியின் உயிரியல் அடிப்படை

ஆய்வுச் சுருக்கம்

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வது இடமகல் கருப்பை அகப்படலம் எனப்படும். மருத்துவ வழக்கில் இது எண்டோமெட்ரியோசிஸ் ஆகும். திசுவின் பரவலுக்கும் நோயாளி உணரும் வலிக்கும் நேரடித் தொடர்பு காணப்படாமையின் காரணத்தை நரம்புசார் புரதங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இடமகல் கருப்பை அகப்படலம், நரம்பு வளர்ச்சிக் காரணி, பிஜிபி 9.5, மாதவிலக்கு வலி.

முன்னுரை

இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை, அதாவது உலக அளவில் சுமார் 19 கோடிப் பேரை இந்நோய் பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றான சூரமங்கலம் போன்ற பகுதியில் வாழும் பெண்ணொருவர் கடும் மாதவிலக்கு வலியுடன் மருத்துவரை நாடினால், முதலில் பெறுவது பெரும்பாலும் வயிற்று ஸ்கேன் ஆகும். சினைப்பையிலுள்ள கட்டியை ஸ்கேன் காட்டும். வயிற்றறை உறையின் மேற்பரப்பில் படிந்த சிறு திசுத்திட்டுகளை அது பொதுவாகக் காட்டுவதில்லை. 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்னும் சொல், 'வலியே இல்லை' என்னும் தீர்ப்பாக வீட்டிலும் பணியிடத்திலும் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலியுற்ற பெண்களுக்குப் பெயர் குறிக்கப்படாத மாத்திரைகள் வழங்கப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி வெளிக்கொணர்ந்தது. காரணம் ஆராயப்படாமல் வலி மட்டும் அடக்கப்படும் சூழலுக்கு இது சான்றாகும்.

நரம்பிழைகளை அடையாளம் காட்டும் புரதங்கள்

நுண்ணிய நரம்பிழைகளை வழக்கமான சாயமேற்றும் முறையில் காண்பது அரிது. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுச் சீவலின்மீது இட்டு, அது பற்றிய இடத்தை நிறத்தால் வெளிப்படுத்தும் முறை பயன்படுத்தப்படுகிறது. பிஜிபி 9.5 என்னும் புரதம் எல்லா வகை நரம்பிழைகளிலும் உள்ளது. சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி ஆகியவை வலியுணர்த்தும் இழைகளைக் காட்டுவன. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் பரிவு நரம்பிழைகளைக் காட்டுவது. ஆகவே, ஒரே திசுவில் எந்த வகை இழை மிகுந்துள்ளது, எது குறைந்துள்ளது என்பதையும் வேறுபடுத்தி அறியலாம்.

வலி உருவாகும் முறை

நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்தமைக்காக ரீட்டா லெவி மொண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் ஆகியோர் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். இடம் மாறி வளர்ந்த திசுத்திட்டுகளில் இப்புரதம் மிகுந்து காணப்படுகிறது. திட்டில் கசியும் குருதி அழற்சியைத் தூண்டுகிறது. அங்குத் திரளும் பெருவிழுங்கணுக்களும் திட்டின் உயிரணுக்களும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அது வலியுணர் இழைகளிலுள்ள டிஆர்கே-ஏ என்னும் ஏற்பியுடன் இணைய, இழைகள் திட்டினுள் கிளைத்து வளர்வதோடு சிறு தூண்டலுக்கும் மிகையாக எதிர்வினை புரிகின்றன. அவ்விழைகள் வெளியிடும் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி ஆகியவை குருதி நாளங்களை விரித்து அழற்சியை மேலும் வளர்க்கின்றன. இவ்வாறு அழற்சி நரம்பையும், நரம்பு அழற்சியையும் வளர்க்கும் சுழற்சி உருவாகிறது.

வயிற்றறை உறையிலுள்ள திட்டுகளில் வலியுணர் இழைகள் மிகுந்தும் பரிவு நரம்பிழைகள் குறைந்தும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால், பரப்பில் சிறியதாயினும் நரம்பு செறிந்த திட்டு கடும் வலியைத் தரலாம்; பெரிய கட்டி வலியின்றியும் இருக்கலாம். நோயின் நிலையைப் பரவல், ஒட்டுதல் ஆகியவற்றைக் கொண்டு வகுக்கும் முறை வலியை அளக்காமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

நோயறிதலில் பயனும் எல்லையும்

இந்நோயுள்ள பெண்களின் கருப்பை உட்படலத்தின் மேலடுக்கிலும் நுண்ணிய நரம்பிழைகள் இருப்பதை 2006இல் சிட்னி ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அறுவையின்றி, உட்படலத்தின் சிறு துணுக்கைக் கொண்டே நோயை அறியலாம் என்னும் நம்பிக்கை அதனால் எழுந்தது. ஆயினும், அடுத்து வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. பிஜிபி 9.5 நம்பிக்கை தருவதாயினும் மருத்துவமனைப் பயன்பாட்டிற்குச் சான்று போதாது என்று 2016இல் காக்ரேன் மீளாய்வு முடிவுகூறியது.

சிகிச்சையிலும் இத்தகைய எல்லை உண்டு. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் டானெசுமாப் என்னும் மருந்து, மூட்டுத் தேய்வு வலிக்கான ஆய்வுகளில் சிலருக்கு மூட்டுகளை விரைந்து சிதைத்தது. அதன் நன்மை தீமையைவிட மிகுதியன்று என அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசனைக் குழு 2021இல் வாக்களித்தது.

முடிவுரை

நரம்புசார் புரதங்கள் இன்று நோயறி கருவியாகவோ மருந்தின் இலக்காகவோ முழுமை பெறவில்லை. எனினும், ஸ்கேனில் தெரியாத வலிக்கும் திசுவில் சான்று இருக்கக்கூடும் என்பதை அவை நிறுவியுள்ளன. ஸ்கேனில் எதுவும் தெரியாவிடினும் இந்நோய் இல்லையென முடிவுசெய்தல் ஆகாது. வயிற்றறை நோக்கி அறுவை இன்றியே, அறிகுறிகளின் அடிப்படையில் சிகிச்சை தொடங்கலாம் என 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுநெறியும் இடமளிக்கிறது. ஆகவே, பெண் கூறும் வலியையே முதற்சான்றாகக் கொள்வது இரக்கத்தின்பாற்பட்டது மட்டுமன்று, அறிவியலுக்கும் இயைந்ததாகும்.