அணுகுண்டின் கணக்கும் தமிழ்க் கூலியும்

விடியற்காலையில் போடியிலிருந்து பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறும் ஜீப்புகள், போடிமெட்டுச் சோதனைச்சாவடியைக் கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விரைவதைக் காண்பவர்க்கு, இதே பிழைப்பின் பொருட்டுக் கங்காணியின் சொல்லை நம்பி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் நினைவு வருவது இயல்பே. யுத்தத்தை முடிக்க அணுகுண்டைப் பிரயோகித்தது தகுமா என்னும் விவாதத்தில் அவர்களுக்கும் ஓரிடம் உண்டு.

1945 ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவிலும் 9-இல் நாகசாகியிலும் விழுந்த குண்டுகளால் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாண்டனர். குண்டு இல்லாதிருந்தால் ஜப்பான்மீது படையெடுக்க நேர்ந்து, அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சம் பேர் வரை செத்தும் காயமுற்றும் இருக்கக்கூடும் என்று, யுத்த மந்திரியாயிருந்த ஸ்டிம்சன் 1947-இல் வாதித்தார். அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வுக் குழுவோ அதற்கு முந்திய ஆண்டே, குண்டும் ரஷ்யாவின் பிரவேசமும் இன்றியே 1945 டிசம்பருக்குள் நிச்சயமாகவும், நவம்பருக்குள் பெரும்பாலும் ஜப்பான் பணிந்திருக்கும் என்று எழுதிவிட்டது. டோக்கியோ விசாரணையில் தனித்துத் தீர்ப்பெழுதிய நம் நாட்டு நீதிபதி ராதாவினோத் பால், பசிபிக் யுத்தத்தில் நாஜித் தலைவர்களின் ஆணைகளுக்கு அருகில் வைக்கத்தக்கது அணுகுண்டுத் தீர்மானம் ஒன்றே என்றார்.

குழுவின் முடிவையே ஒப்புக்கொண்டாலும், ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையே இரண்டரை மாதம் கிடக்கிறது. வாஷிங்டனிலிருந்து பார்த்தால் அற்பமான அந்தக் கால அளவு, சயாம் காட்டில் அற்பமன்று. மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட, 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்காக, கூலி ஆசை காட்டியும் பலவந்தமாகவும் மலாயாத் தோட்டங்களிலிருந்து வாரிச் செல்லப்பட்ட தமிழர்கள், வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் பாதையைச் செப்பனிடும் வேலைக்கென்று அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள். யுத்தம் நீடித்த ஒவ்வொரு வாரமும் அவர்கள் உயிரைக் குடித்தது.

ஆனால் இதைக் கொண்டு குண்டுக்கு நியாயம் கற்பிக்க என் மனம் இடந்தரவில்லை. ரயில்பாதை போட்ட ராணுவத்தின் கடனை, நாகசாகிப் பள்ளிப்பிள்ளை எதற்காகத் தீர்க்க வேண்டும்? மேலும், ஸ்டிம்சனின் கணக்கில் தமிழ்க் கூலிக்குப் பத்தியே கிடையாது. உயிரோடிருந்தபோது எண்ணப்படாதவனைச் செத்தபின் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது வக்கீல் தந்திரமேயன்றி வேறில்லை.

மலாயாவைப் போரிட்டு மீட்பதற்கென வகுக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் கரையேற்றம், சரணாகதிக்குப் பின், செப்டம்பர் 9-இல் மோரிப் கடற்கரையில் சண்டையின்றி நடந்தது. சயாமில் எஞ்சியிருந்த கூலிகள் தோட்டங்களுக்குத் திரும்ப மேலும் பல மாதங்கள் பிடித்தன.