சைக்கிள் வாங்கியாச்சு... அப்புறம்?

"சைக்கிளா? உனக்கா? இந்த வயசுலயா?"

வீட்டில் பேச்சை எடுத்த மறு நிமிஷமே இந்த மூன்று கேள்விகளும் வரிசையாக வந்து விழும். கேட்பது மாமியாராக இருக்கலாம், கணவராக இருக்கலாம். ஏன், நம் மனசே கூடக் கேட்கும்! ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்றைய இளம் தாய்மார்களில் எத்தனையோ பேர் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் தினமும் போய் வந்தவர்கள்தானே? ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று 2001-02-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னால் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒரு தலைமுறைப் பெண்களே அதில் பழகினார்கள். அப்புறம் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. சைக்கிள் அம்மா வீட்டுத் திண்ணையோரம் துருப்பிடித்து நின்றது. ஓட்டுகிற வித்தை மறக்கவில்லை. ஓட்ட ஒரு காரணம்தான் இல்லாமல் போயிற்று.

அந்தக் காரணத்தை இன்று டாக்டர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷமாவது மிதமான தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "அடுப்பைப் பார்ப்பேனா, குழந்தையைப் பார்ப்பேனா, இதுக்கு ஏதுங்க நேரம்?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதனால்தான் பயிற்சிக்கென்று தனியாக நேரம் தேடாமல், எப்படியும் போக வேண்டிய இடத்துக்குச் சைக்கிளில் போய்விடுங்கள் என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

கொட்டிவாக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக் கொள்வோம். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் சுமார் 3 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் கால் மணி நேரம். சைக்கிளை அங்கே பூட்டிவிட்டு ரயில் ஏறினால் மந்தைவெளி, மயிலாப்பூர் எல்லாம் எட்டிப் பிடிக்கிற தூரந்தான். போக கால் மணி, வர கால் மணி. வாரத்தில் ஐந்து நாள் போனால் சரியாக 150 நிமிஷம்! வேலைக்குப் போகாதவர்களுக்கும் திருவான்மியூர் காய்கறி மார்க்கெட், அடையாறு வங்கி, பெசன்ட் நகர் சிநேகிதி வீடு எல்லாம் மிதிக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. ஆட்டோக் கூலியும் மிச்சம்.

அது என்ன ஹைப்ரிட்?

கடைக்குப் போனால் இப்போது முதலில் காட்டுவது 'ஹைப்ரிட்' சைக்கிள்தான். பயந்துவிடாதீர்கள். ஒட்டு மாம்பழம் மாதிரி, இரண்டு ஜாதியின் நல்ல குணங்களைச் சேர்த்துச் செய்தது, அவ்வளவே. பந்தயச் சைக்கிளுக்கு மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார். வேகமாக ஓடும், ஆனால் குனிந்து ஓட்ட வேண்டும். மலைப்பாதைச் சைக்கிளுக்குத் தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங். பள்ளம் மேட்டைத் தாங்கும், ஆனால் மிதிக்கக் கனம். ஹைப்ரிட்டில் நேரான ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் வசதி, நடுத்தரமான டயர், உருட்ட லேசு. நம் தெருவுக்கும் தார்ச்சாலைக்கும் பொருத்தம். விலை சுமார் 12,000 ரூபாயில் தொடங்கி 40,000, 50,000 வரை ஏறுகிறது.

கடைக்காரர் "இருபத்தொரு கியர்மா!" என்று ஆசை காட்டுவார். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். பின்சக்கரத்தில் ஏழு அல்லது எட்டுக் கியர் இருந்தால் தாராளம். முன்பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம் இருப்பது இன்னும் சிலாக்கியம். பழுது குறைவு, செயின் மேல் மூடி மாட்டவும் இடம் இருக்கும்.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

சைக்கிள் வாங்கிய பல வீடுகளில் நடப்பது என்ன? முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் முழங்கால் வலி. மூன்றாம் மாதம் பால்கனியில் துணி உலர்த்தும் கொடி! காரணம் சோம்பல் இல்லை, சகோதரிகளே. அந்தச் சைக்கிள் அவளுக்கென்று வாங்கியதாக இருக்காது. கணவரின் உயரத்துக்கு வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் தள்ளுபடி விலைக்கு வாங்கியிருப்பார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்கான பாடமாகச் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் கற்றுக் கொண்டார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்து எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை ஓட்டத் தொடங்கியவர்களில் சிலர், அதுவே மேல் என்றார்களாம். ஏன் தெரியுமா? நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! கேரியரில் தண்ணீர்க் குடம், பாரில் பிள்ளை என்று சைக்கிளைத் தங்கள் வேலைக்குப் பழக்கிக் கொண்டார்கள். அதனால்தான் அது துணி உலர்த்தும் கொடியாக ஆகவில்லை.

குழந்தையைப் பாரில் உட்கார வைப்பது பத்திரமல்ல என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்களின் புத்தி நமக்கும் வேண்டும். சைக்கிள் உங்கள் உடம்புக்கும் உங்கள் வேலைக்கும் பொருந்த வேண்டும். செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.

முதலில் அளவு பாருங்கள்

ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற மாதிரி சைக்கிளுக்கும் அளவு உண்டு. தரையில் இரு காலும் ஊன்றி நின்றால், நடுச்சட்டத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஓரிரண்டு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடல் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்போம், அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். "சீட் தாழ்வா இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று இறக்கி வைத்துக் கொள்கிறோமே, முழங்கால் முன்பக்கம் வலிக்க அதுவே முக்கியக் காரணம். பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். கைகள் முழங்கையில் சற்று மடங்கியே இருக்கட்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கழுத்தும் தோளும் வலிக்கும்.

எதை மாற்றுவது, எதை விடுவது?

வாங்கின மறுநாளே சாமான்களை மாற்ற ஆரம்பிக்காதீர்கள். மூன்று மாதம் ஓட்டுங்கள். எங்கே வலிக்கிறது, எது இடைஞ்சல் என்று உடம்பே சொல்லும். பிறகு இந்த வரிசையில் யோசிக்கலாம்.

சீட்: மெத்தை மாதிரி இருந்தால் சுகம் என்று நினைப்போம். அரை மணிக்கு மேல் ஓட்டினால் அதுவே அழுத்தும். உட்காரும் எலும்புகள் இரண்டும் நன்றாகப் பதியும் அகலம்தான் முக்கியம். பெண்களுக்குப் பொதுவாக இந்த அகலம் சற்றுக் கூடுதல். நடுவில் பள்ளமுள்ள சீட்டுகளும் கிடைக்கின்றன. மரத்துப் போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டயர்: தேய்ந்த பிறகு மாற்றும்போது பஞ்சர் தாங்கும் டயராக, 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலத்தில் போடுங்கள். நம் தெருக்களின் பள்ளங்களுக்கு அது உசிதம். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பழைய வழக்கம் போதாது. அளவு காட்டும் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பெடல்: வழுக்கும் பிளாஸ்டிக் பெடலாக இருந்தால், சொரசொரப்பான அகலப் பெடலாக மாற்றுங்கள். செலவு குறைவு, மழைக்காலத்தில் பிரயோஜனம் அதிகம்.

மட்கார்டு, கேரியர், பை: பல ஹைப்ரிட்டுகளில் இவை வருவதில்லை. முதுகில் பை மாட்டினால் வியர்வையில் ரவிக்கை நனைந்துவிடும். கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பையில் காய்கறியும் வைக்கலாம், ஆபீஸ் சாமானும் வைக்கலாம். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும், பார்த்துக் கொள்ளுங்கள்.

செயின் மூடி: புடைவை, துப்பட்டா உடுத்தி ஓட்டுபவர்களுக்கு இது அலங்காரமல்ல, உயிர்க்காப்பு. பின்சக்கரத்துக்கு வலையும் போடுங்கள். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி இறுக்கிக் கொள்ளுங்கள்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மணி, தரமான பூட்டு, ஹெல்மெட். இவற்றுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிப்பானேன்?

விட வேண்டியவை எவை? கூடுதல் கியர், கார்பன் சட்டம், பளபளக்கும் சக்கரம். அரைக் கிலோ எடை குறைக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்வது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான்.

கடற்காற்று தின்றுவிடும்!

கொட்டிவாக்கத்தில் ஜன்னல் கம்பியையே உப்புக் காற்று அரித்துவிடுகிறது. சைக்கிளை விடுமா? அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது. செயினும் திருகாணிகளும் பிடிக்கும். வாரம் ஒருமுறை பழந்துணியால் செயினைத் துடையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் உடனேயே, சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்து மணலை இழுக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை கடையில் ஓவராயில் செய்தால் போதும்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

பிரசவமானவர்கள் அவசரப்படக் கூடாது. ஆறு வாரப் பரிசோதனையில் டாக்டரம்மாவைக் கேட்டுக் கொண்டு, முதலில் நடை, பிறகு சைக்கிள். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுமை வேண்டும். தையல் போட்ட இடத்தில் வலி இருந்தாலோ, இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கென்று பயிற்சிகள் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்குகிறதா? "எனக்குப் பழக்கமில்லை" என்று விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை செய்து கொள்வது நல்லது. உடம்பு நன்றாக இருந்தால், பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். சைக்கிள் முழங்காலுக்கு இதமானது. எலும்பு உறுதிக்கு நடையையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம். பெரிய குழந்தையானால் பெல்ட் வைத்த தனி இருக்கை, அதற்கும் ஒரு ஹெல்மெட்.

ரோட்டில் ஜாக்கிரதை

கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் மணல் படிந்து கிடக்கும். அதன் மேல் திரும்பும்போது பிரேக் போட்டால் வழுக்கும். திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நிற்கும் கார்களை விட்டு ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள். யாரும் எந்த நிமிஷமும் கதவைத் திறக்கலாம். காதில் பாட்டு வேண்டாம். சிக்னலில் நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிட்டால், கிளம்பும்போது தடுமாற வேண்டாம். பழக ஆரம்பிப்பவர்களுக்கு உள் தெருக்களும் விடிகாலையும் உத்தமம்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் மேல்நாட்டுப் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, "முகம் கோணிப் போகும்" என்று சில டாக்டர்களே பயமுறுத்தினார்கள். அதற்கு 'சைக்கிள் முகம்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள்! யாருக்கும் முகம் கோணவில்லை. 1894-ல் அமெரிக்காவில் ஆனி லண்டன்டெரி என்கிற பெண்மணி, மூன்று குழந்தைகளுக்குத் தாய், சைக்கிளோடு உலகத்தைச் சுற்றக் கிளம்பி மறு வருஷம் திரும்பி வந்தார்.

உலகம் சுற்ற வேண்டாம். திருவான்மியூர் வரை போனால் போதும். ஆனால் கடையில் சைக்கிள் பார்க்கும்போது, ஏறி உட்கார்ந்து அளவு பார்ப்பது நீங்களாக இருங்கள். பூட்டுச் சாவியும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.