மலிவு டீசல் எங்கிருந்து வருது?

மணலியிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற டாங்கர் லாரிக்குப் பூட்டும் சீலும் போட்டுத்தான் அனுப்புறாங்க. பங்க்கில் அளவுகோல் விட்டுப் பார்த்துத்தான் இறக்கணும். நடுவழியில் டீசலை உறிஞ்சுகிறவன் மண்ணெண்ணெயை ஊற்றி அளவைச் சரிக்கட்டிவிடுவான். கோல் ஏமாறும். அடர்த்தி பார்க்கிற கருவி லேசில் ஏமாறாது. பில்லில் கண்ட அடர்த்திக்கும் அதற்கும் கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது.

சாமானியத் திருட்டா இது? மகாராஷ்டிராவில் மன்மாட் அருகே 2011 ஜனவரியில் கலப்படத்தைப் பிடிக்கப் போன கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரிச்சுட்டாங்க.

ரோட்டோரம் கேனில் மலிவாக விற்கிற டீசலுக்கு எந்தச் சோதனையும் கிடையாது. மண்ணெண்ணெயில் வழவழப்புக் குறைவு. உங்க இஞ்சினின் டீசல் பம்பு தேஞ்சு போகும். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. பங்க்கிலேயே அளவில் சந்தேகமா? 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க.