வண்டி இருமுகிறதா? பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள்!

எங்கள் வில்லியனூர், பாகூர் பக்கம் எத்தனையோ வீட்டு வாசலில் இன்னும் பழைய மாருதி 800 நிற்கிறது. 1983 டிசம்பரில் வந்த வண்டி. 2014 ஜனவரியோடு தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், மாமியாரை ஜிப்மருக்கு அழைத்துப் போகவும் அதுதானே கைகொடுக்கிறது! கரிக்கலாம்பாக்கம் தாண்டி இரண்டு பக்கமும் வயல், மடியில் கைக்குழந்தை, வண்டி இருமி இருமி நின்றுவிட்டால்? அப்புறம் மெக்கானிக் வந்து, "கார்புரேட்டரையே மாத்தணும்மா" என்றால் சும்மா தலையாட்டிவிடுவதா?

பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதல்லவா? நிப்பிளில் தூசி அடைத்தால் பின்னால் குத்துவோமே, அதே சங்கதிதான். டாங்கியிலிருந்து பெட்ரோலை பம்ப் இழுக்கிறது. வழியில் ஒரு ஃபில்டர். பிறகு கார்புரேட்டரில் ஜெட் என்கிற ஊசித் துவாரம் வழியாக வந்து காற்றோடு கலக்கிறது.

முதலில் மூக்கை நம்புங்கள். செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை, பெட்ரோல் வாசனையே இல்லை என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். (முள் பாதி டாங்கி காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். பழைய வண்டியில் முள் பொய் சொல்லும்!) வாசனை குப்பென்று அடித்து, கறுப்புப் புகையும் வந்தால் அளவுக்கு மீறி வருகிறது. மாடித் தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் பந்து மாதிரி கார்புரேட்டருக்குள்ளும் ஒரு மிதவை உண்டு. அதன் ஊசியில் தூசி மாட்டினால் பெட்ரோல் வழியும்.

அடுத்து, எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். ஊருக்குள் நன்றாக ஓடி, கடலூர் ரோட்டில் வேகம் எடுக்கும்போது மட்டும் திணறினால் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற சின்ன டப்பாதான். காகிதம் பழுப்பேறி, அடியில் துருவோ தண்ணீரோ நின்றால் மாற்றச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறதா? டாங்கி மூடியைத் திறங்கள். "புஸ்"ஸென்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி கிளம்பினால் டாங்கிக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் மட்டும் நின்றால், சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும். நிழலில் நிறுத்தி, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். காலை எடுத்தவுடன் அணைந்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் ஓடுகிறதென்றால் ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் செய்தாலே போதுமா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நாற்றம் அடித்தால் பம்பின் ரப்பர்த் திரை கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் எஞ்சினுக்கே ஆபத்து.

2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடலில் பம்ப் மின்சாரத்தில் ஓடும். சாவியைத் திருப்பியதும் பின்னால் இரண்டு மூன்று விநாடி "ஙொய்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குழாயில் அழுத்தம் அதிகம், நாமாகக் கழற்ற வேண்டாம்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்கள் இதற்காகச் செய்தவை அல்ல. ஊறி, வெடித்துக் கசியலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நிற்கிற வண்டியில் தண்ணீர் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். குழாய் வெடித்திருந்தால் அன்றே மாற்றுங்கள். காருக்குள் பெட்ரோல் நாற்றம் அடித்தால் குழந்தைகளை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. தீக்குச்சி, பீடி எதுவும் கிட்டே வரக்கூடாது.

வாயால் டியூபில் பெட்ரோல் உறிஞ்சும் வழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு உண்டு. கண்டிப்பாகத் தடுங்கள். மிச்சப் பெட்ரோலைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிடக் கொடுமை. குழந்தை தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, மேலைத் துடைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டாக்டரிடம் காட்ட அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.